ட்ரெய்லரை வைத்துப் படத்தை முடிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரப்போகும் படங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க நம்மிடம் பெரும்பாலும் இருப்பது இரண்டரை நிமிட ட்ரெய்லர் மட்டும்தான். அதை வைத்து முடிவெடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், ட்ரெய்லரை இயக்குநரின் கைவேலை என்று நம்பிவிடுகிறோம். பெரிய படங்களுக்கு ட்ரெய்லர் வெட்டுவதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. படத்தின் எடிட்டிங் முடிவதற்கு முன்பே, கையில் கிடைத்த காட்சிகளை வைத்து அவர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அதனால் ட்ரெய்லரில் பார்த்த காட்சி படத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 2019-இல் வந்த ‘யெஸ்டர்டே’ படத்தின் ட்ரெய்லரில் நடிகை அனா டி ஆர்மஸ் இருந்தார். படத்தில் அவர் வரவேயில்லை. அவரைப் பார்ப்பதற்காகப் பணம் கட்டிப் படம் பார்த்த இரண்டு ரசிகர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். ட்ரெய்லரும் வணிக விளம்பரம்தான், பொய் விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2022 டிசம்பரில் அமெரிக்க நீதிபதி ஒருவர் சொன்னார். ட்ரெய்லர் பார்க்கும்போது மனதில் இருக்க வேண்டியது இதுதான்: நாம் பார்ப்பது விளம்பரம்.

அடுத்தது இசை. ட்ரெய்லர் பார்த்து மயிர்க்கூச்செறிந்தால் அந்தப் பெருமையில் பாதி பின்னணி இசைக்குப் போக வேண்டும். அந்த இசை படத்தில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 2010-இல் வந்த ‘இன்செப்ஷன்’ ட்ரெய்லர் ஒன்றில் எல்லோரையும் உலுக்கிய இசை, ட்ரெய்லருக்கென்றே ஸாக் ஹெம்ஸி என்பவர் செய்தது. படத்துக்கு இசையமைத்தவர் ஹான்ஸ் ஸிம்மர். அந்தப் படத்தின் இசையும் பிரமாதம் என்பது வேறு விஷயம். எல்லாப் படத்துக்கும் அந்த யோகம் அமையாது.

அதனால் பிடித்துப்போன ட்ரெய்லரை இரண்டாவது முறை சத்தமில்லாமல் பாருங்கள். ஒருவன் ஓடுகிறான், கார் உருள்கிறது, கண்ணாடி நொறுங்குகிறது, யாரோ ஒருவர் மாடியிலிருந்து விழுகிறார். எந்த ஷாட்டும் ஒரு விநாடியைத் தாண்டாது. அங்கங்கே நிறுத்திப் பார்த்தால் நாயகன் எல்லா ஷாட்டிலும் அதே கிழிந்த சட்டையோடு, நெற்றியில் அதே காயத்தோடு, அதே சுவருக்கு முன்னால் நிற்பான். ஐந்து சண்டை என்று தோன்றியது உண்மையில் ஒரே சண்டை. செலவு செய்து எடுத்த ஒரு காட்சியைத் துண்டு துண்டாக்கிப் பரப்பியிருக்கிறார்கள்.

இப்போது சத்தத்தை வைத்து, வசனத்தை மட்டும் கவனியுங்கள். “உனக்கு அவனைப் பற்றித் தெரியாது” என்று ஒரு குரல் கேட்கும்போது திரையில் மூடும் கதவு ஒன்று தெரியும். “தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்” என்று பதில் வரும்போது நாயகி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசுகிற உதடு எங்கேயுமே தெரியாது. கேள்வி ஒரு காட்சியிலிருந்தும் பதில் இன்னொரு காட்சியிலிருந்தும் வந்திருக்கலாம். இப்படி ஒட்டவைத்த வசனத்தைக் கேட்டுவிட்டு “செம ரைட்டிங்” என்று சொல்லிவிடக் கூடாது.

சரி, எதைத்தான் நம்புவது? இரண்டு பேர் ஒரே ஃப்ரேமில், வெட்டே இல்லாமல் நாலைந்து விநாடி இருக்கிற இடம் ஏதாவது அகப்படுகிறதா என்று தேடுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். நடிப்பும் இயக்கமும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பது அங்கே தெரிந்துவிடும், ஏனென்றால் அதைக் கத்தரித்து ஒட்டி உருவாக்குவது கடினம். என் கணக்கில், முழு ட்ரெய்லரையும்விட அந்த நாலு விநாடிக்குத்தான் மதிப்பு அதிகம்.

இதன் மறுபக்கத் தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது: ட்ரெய்லர் சுமார் என்பதால் படத்தையே ஒதுக்கிவிடுவது. நிதானமாக நகரும் படம், ஒரு உறவு மெல்ல மெல்ல மாறுவதைச் சொல்லும் படம் இதெல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது. வெட்டுகிறவர்களும் பயந்துபோய், படத்தில் இல்லாத வேகத்தை ஏற்றிவிடுவார்கள் அல்லது படத்தின் குணத்தையே மறைத்துவிடுவார்கள். 2007-இல் வந்த ‘ஸ்வீனி டாட்’ படத்தில் பாத்திரங்கள் பெரும்பாலும் பாட்டாகவே பேசிக்கொள்வார்கள். ட்ரெய்லரைப் பார்த்த பலருக்கு அது இசை நாடகம் என்றே புரியவில்லை. இந்த மாதிரிப் படங்களுக்கு ட்ரெய்லரை விட்டுவிட்டு, அந்த இயக்குநரும் கதாசிரியரும் இதற்கு முன் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நல்லது. “இன்ன படத்தைத் தயாரித்தவர்களிடமிருந்து” என்று வரும் வரியை அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தயாரித்தவர் அவர்தான் என்றாலும் எழுதி இயக்கியவர் வேறு ஆளாக இருக்கலாம்.

திரையில் பெரிய எழுத்தில் ஓடும் விமர்சகர் மேற்கோள்களும் அப்படித்தான். 2024-இல் ‘மெகாலோபொலிஸ்’ ட்ரெய்லரில், அதன் இயக்குநரின் பழைய படங்களைத் திட்டியதாக விமர்சகர்களின் பெயரோடு வந்த மேற்கோள்களில் பல அவர்கள் எழுதியவையே இல்லை என்று தெரியவந்து, ட்ரெய்லரையே திரும்பப் பெற்றார்கள். எத்தனை கோடிப் பார்வை என்ற எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் விளம்பரமாகக் காட்டப்பட்டதும் சேரும்.

நகைச்சுவைப் படம் என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதன் சிறந்த ஜோக்குகள் ட்ரெய்லரிலேயே செலவாகிவிடுவது சகஜம். சிரிப்பு பாத்திரத்தின் சுபாவத்திலிருந்து வருகிறதென்றால் படத்தில் இன்னும் சரக்கு இருக்கும் என்று நம்பலாம். தனித்தனி பஞ்ச் வசனங்களாக மட்டும் இருந்தால் நம்பிக்கை குறைவு.

கடைசியாக ஒன்று. படத்தைப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது ட்ரெய்லர், ஸ்னீக் பீக், அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்துப் போடும் வீடியோக்கள் எதுவும் இனி உங்களுக்குத் தேவையில்லை. 2000-இல் வந்த ‘காஸ்ட் அவே’ ட்ரெய்லர், தீவில் மாட்டிக்கொண்ட நாயகன் வீடு திரும்புவதையே காட்டிவிட்டது. பல ட்ரெய்லர்கள் கதையின் வரிசையிலேயே போவதால், பாதி ஓடியதும் மூடிவிடுவது நல்ல பழக்கம். பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முதல் ஒரு நிமிடமே போதும்.