டபுள் கேப்பில் ஃபோர் வீல்: எங்கே போடுவது, எங்கே எடுப்பது

புதிதாக டபுள் கேப் பிக்கப் எடுத்தவர்கள் பலர் மழை தூறியதுமே நான்கு சில்லும் இழுக்கும் ஃபோர் வீலைப் போட்டு, வீடு வந்து சேரும்வரை அப்படியே ஓட்டுகிறார்கள். நம் மலையக ரோடுகளுக்கு அது சரிவராது. ஹட்டன் டவுனிலிருந்து ஒரு தோட்டத்து லயத்துக்குப் போவதற்குள் தார், கொங்கிரீட், கல், சேறு எல்லாம் வந்துவிடும். ரோடு மாறும்போது ஃபோர் வீல் கியரும் மாற வேண்டும்.

முதலில் வண்டியைப் பாருங்கள்

ஃபோர் வீல் லிவரிலோ சுவிட்சிலோ 2எச் (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும்), 4எச் (நான்கும் இழுக்கும்), 4எல் (நான்கும் மெதுவாக, கூடுதல் பலத்தோடு இழுக்கும்) என்று மூன்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது தேவைப்படும்போது மட்டும் நாமே போட்டு எடுப்பது. நான் சொல்வது அந்த வகைக்குத்தான். பழைய வண்டிகள் சிலவற்றில் முன் சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் கையால் திருப்பும் லொக் இருக்கும். இறங்கி இரண்டு பக்கமும் திருப்பாவிட்டால், உள்ளே கியரை மாற்றினாலும் முன் சில்லு இழுக்காது. மழையில் நனையாமல், வீட்டிலேயே திருப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

தார், கொங்கிரீட்: 2எச்

வளைவில் திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. 4எச்சிலோ சில்லுகளுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுற்றும். அந்த வித்தியாசத்தை டயர் கொஞ்சம் சறுக்கித்தான் சரிக்கட்ட வேண்டும். சேற்றில் சறுக்கும், காய்ந்த தாரில் சறுக்காது. அப்போது அந்த முறுக்கம் முழுவதையும் ஷாஃப்ட்டும், முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸும்தான் தாங்க வேண்டும். ஸ்டியரிங் கனக்கும், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல வண்டி தயங்கும். இறம்பொடைப் பக்கத்து வளைவுகளை இப்படியே ஏறி இறங்கினால் கடைசியில் கராஜுக்குத்தான் போக வேண்டிவரும்.

நனைந்த தாரிலும் என் வழக்கம் 2எச்தான், வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். மண் சரிந்து ரோட்டை மூடியிருக்கும் துண்டில் மட்டும் 4எச் போட்டு, தாண்டியதும் எடுத்துவிடுவேன்.

சேறு, கிரவல்: 4எச்

சேற்றில் இறங்குவதற்கு முன்பே போடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், எக்ஸலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி மாற்றுங்கள். எந்த வேகம்வரை ஓடிக்கொண்டே மாற்றலாம் என்பது வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டில் பாருங்கள். பிறகு இரண்டாம் கியரில் ஒரே சீராகப் போங்கள். சில்லு சுற்றி வண்டி நகராவிட்டால் மேலும் மிதிக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள்.

செங்குத்தான கல் ரோடு: 4எல்

வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4எல்லுக்கு மாற்றுங்கள். பல பிக்கப்களில் இது வேகத்தை ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைத்து, இழுவையை அதே அளவு கூட்டும். கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஏற வேண்டியதில்லை.

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் 4எல்லின் அருமை தெரியும். முதல் கியரில் போட்டு, கிளட்ச்சில் காலே வைக்காமல் விடுங்கள். என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும், பிரேக் சூடேறாது. பின்னால் கொழுந்து மூட்டையும் ஆட்களும் இருந்தால் இது இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

ஒருமுறை தேயிலை மலை ரோட்டோரக் கானில் என் வண்டியின் ஒரு முன் சில்லு இறங்கிவிட்டது. எதிர்மூலைப் பின் சில்லு அந்தரத்தில் நின்றது. 4எல்லில் இருந்தும் அந்த இரண்டு சில்லுகள் மட்டுமே சுற்றின. இடது, வலது சில்லுகளை ஒன்றாகப் பிணைக்கும் டிஃப்ரென்ஷியல் லொக் இல்லாத வண்டியில், பிடி இல்லாத சில்லுக்கே சுற்று ஓடிவிடும். இரண்டின் கீழும் கல் அடுக்கிய பிறகுதான் வெளியே வந்தோம்.

ஃபோர் வீல் வண்டியை நகர்த்தத்தான் உதவும். பிரேக் அடித்தால் சீக்கிரம் நிற்க உதவாது. பனிமூட்டமான நுவரெலியா ரோட்டில் அதை நம்பி வேகம் கூட்டாதீர்கள்.

திரும்பத் தாருக்கு வந்ததும்

4எல்லில் வந்திருந்தால் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 2எச்சுக்கு வாருங்கள். மாற்றிய பிறகும் டேஷ்போர்டில் ஃபோர் வீல் லைட் அணையாவிட்டால் பயப்பட வேண்டாம், முறுக்கம் இன்னும் விடவில்லை. பின்னால் யாரும் இல்லையென்று பார்த்து, நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள். கழன்றுகொள்ளும், லைட்டும் அணையும்.