திரையில் வட்டம், துணியில் முட்டை: கைத்தறிக்குக் கணினியில் வடிவம் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கிலங்கையின் மருதமுனைத் தறிகளில் நெய்யப்படும் சேலைக்கும் சாரத்துக்கும் (லுங்கி) கணினியில் புதிய வடிவங்களை வரைய விரும்பும் நான்கு இளைஞர்கள், கடந்த சில வாரங்களாக மட்டக்களப்பில் என் மேசையைச் சுற்றி அமர்ந்து பழகிவருகிறார்கள். அவர்களுடைய கைகளில் கற்பனை இருக்கிறது, மென்பொருளும் நன்றாகப் பழகியிருக்கிறது. எனினும் பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே அவர்களும் ஒவ்வொன்றாகச் செய்வதைப் பார்க்கும்போது, இவற்றை எழுதிவைக்காமல் இருக்க முடியவில்லை. கோப்பைச் சேமிக்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கட்டம் சதுரம் என்று நம்புதல்

துணி என்பது பாவு (நீள நூல்) மேலே, ஊடை (குறுக்கு நூல்) மேலே என்ற இரண்டே நிலைகளால் ஆன ஒரு கட்டப்பின்னல். பிரான்சில் ஜக்கார்ட் என்பவர் 1804ஆம் ஆண்டளவில் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியை இயக்கிக் காட்ட முடிந்தது இதனால்தான். அதுபோன்ற அட்டைகளால் இயங்கவிருந்த பாபேஜின் கணக்கிடும் பொறியைப் பற்றி 1843இல் எழுதிய ஏடா லவ்லேஸ் அந்தப் பொறியை ஜக்கார்ட் தறியுடன் ஒப்பிட்டார். திரையும் கட்டங்களால் ஆனது. ஆகவே திரையின் ஒரு கட்டமும் துணியின் ஒரு நூல் சந்திப்பும் ஒன்றே என்று மனம் எளிதாக நம்பிவிடுகிறது. திரையின் கட்டம் சதுரமானது, துணியின் கட்டம் பெரும்பாலும் சதுரமாக இருப்பதில்லை.

கல்லடிப் பாலத்தடியில் முழுநிலவு இரவில் மீன்கள் பாடுவதைக் கேட்கலாம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதை நினைத்து, நிலவும் அதன் கீழ் ஒரு மீனுமாகப் பன்னிரண்டு சேலைகளுக்கு ஒரு பூ (துணியில் திரும்பத் திரும்ப வரும் வடிவம்) வரைந்தேன். நிலவுக்கு அறுபது கட்ட அகலம், அறுபது கட்ட உயரம். திரையில் அது குறையற்ற வட்டமாக இருந்தது. முதற் சேலையில் பூ ஏறியதும் நெசவாளர் என்னை அழைத்து, "தம்பி, நிலா உருண்டையா வரல்ல, நீண்டு கிடக்கு" என்றார். சலவைக்குப் போனால் சரியாகிவிடும் காக்கா (அண்ணன்), தொடர்ந்து நெய்யுங்கள் என்று நான் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் தறியில் இருந்த ஒருவரின் கண்ணை விட என் திரையை நம்பிய அந்த ஒரு வார்த்தை இன்றுவரை என்னை உறுத்துகிறது. ஏனெனில் அவர் சொன்ன அன்று நிறுத்தியிருந்தால் இழப்பு ஒரு சேலையோடு முடிந்திருக்கும். ஏழு சேலைகள் முடிந்த பின்னரே நான் அளவுகோலை எடுத்தேன்.

சலவை செய்த துணியில் எண்ணியபோது அங்குலத்துக்குப் பாவு நூல் 60, ஊடை 48. அறுபது பாவு நூல் ஓர் அங்குல அகலம் தந்தது. அறுபது ஊடையோ ஒன்றேகால் அங்குல உயரம் பிடித்தது. நிலவு முட்டையானது, மீனின் வயிறு ஊதியது. சேலைகளை எடுக்க வந்தவர் அவற்றை ஏற்க மறுத்தார். ஏழு சேலைகளின் நூலுக்கும் கூலிக்கும் நான் பொறுப்பேற்றேன். உயரத்துக்கு 60ஐ 48ஆல் பெருக்கி 60ஆல் வகுத்து, 48 வரிகள் மட்டுமே வரைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இப்போது நான் செய்வது இதுதான். நெய்யப்போகும் அதே நெசவாளர் அதே நூலில் நெய்த ஒரு துண்டைக் கழுவி, உலரவைத்து, ஓர் அங்குலச் சதுரம் வெட்டிய அட்டையை அதன்மேல் வைத்து இரு பக்கமும் நூலை எண்ணுகிறேன். தறியில் இழுபட்டு நிற்கும்போது எண்ணினால் கணக்கு மாறும். கை மாறினால் ஊடையை இறுக்கும் அடியும் மாறும். பிறகு விரிதாளில் ஒவ்வொரு கட்டத்தையும் அகலம் 20 பிக்சல், உயரம் 25 பிக்சல் என்று அமைத்து அதில் வரைகிறேன். அப்போது கண்ணுக்கு வட்டமாகத் தெரிவது துணியிலும் வட்டமாகவே வரும். இந்த இளைஞர்களில் ஒருவர் சென்ற வாரம் சதுரக் கட்டத்தில் தாமரை ஒன்றை வரைந்து கொண்டுவந்தபோது, அதன் அழகைப் பாராட்டுவதற்கு முன் நான் அட்டையையும் கழுவிய துண்டையும் அவர் கையில் கொடுத்தேன்.

பாதியை வரைந்து கண்ணாடிபோல் திருப்புதல்

மென்பொருள் பாதி வடிவத்தைத் திருப்பி ஒட்டும்போது நடு நூலையும் சேர்த்து இரட்டித்துவிடும். அருகருகே உள்ள இரண்டு நூல்கள் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் பூவின் நடுவில் ஒரு தடித்த கோடு விழும். எட்டு விழுது (பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் சட்டம்) கொண்ட தறியில் ஒன்றிலிருந்து எட்டுவரை ஏறி, மறுபடி ஏழிலிருந்து இரண்டுவரை இறங்கினால் ஒரு சுற்றுக்குப் பதினான்கு நூல், பதினாறு அல்ல. முனையில் நிற்கும் ஒன்றும் எட்டும் ஒரு தடவைதான் வர வேண்டும்.

அகலத்தை வகுத்துப் பார்க்காமை

அங்குலத்துக்கு 60 நூல் வீதம் 44 அங்குலத்துக்கு, கரை நூல்களை விட்டு, 2640 நூல். 96 நூலில் ஒரு பூ என்றால் இருபத்தேழரைப் பூ வரும். ஓரத்தில் அரைப்பூ அறுந்து நிற்கும். 88 என்றால் 30 பூ, 120 என்றால் 22. வரையத் தொடங்குமுன் வகுத்தால் அரை நிமிட வேலை.

திரையின் நிறம்

சிவப்புப் பாவில் பச்சை ஊடையை ஓட்டினால் தூரத்தில் மங்கிய பழுப்பே தெரியும்.

செயற்கை நுண்ணறிவு தந்த படத்தை அப்படியே கொடுத்தல்

கொடுக்காதீர்கள்.

கட்டாமல் விட்ட நூல்

அகலமான இலையையும் இதழையும் ஒரே நிறத்தில் நிரப்பும்போது, அந்த நூல் எங்கும் பாவுக்கு அடியில் போகாமல் மிதந்துகொண்டே செல்வது திரையில் தெரியாது. இருபது பாவைத் தாண்டி மிதக்கும் ஊடை அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு தொங்கும். வளையலிலும் நகத்திலும் பிள்ளையின் விரலிலும் அது மாட்டி இழுபடும். ஐந்து ஆறு நூலுக்கு ஒரு தடவை அதைக் கீழே இறக்கிக் கட்டுங்கள். அந்தக் கட்டுப் புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் வைத்தால் இலைக்கு நடுவே சால் ஓடியது போலத் தெரியும். வரிக்கு வரி இரண்டு நூல் தள்ளி வைத்தால் அவையே இலையின் நரம்பாகிவிடும்.