ஜோடியாக எழுதிய நிரலில் இருவர் பெயரும் வர

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில், ஒவ்வொரு பதிவிலும் (கமிட்) தட்டச்சு செய்தவர் பெயர் மட்டுமே பதிவாகும், பக்கத்தில் உட்கார்ந்து பாதி யோசித்தவர் காணாமல் போவார். ‘கிட் மாப்’ கருவியை என்பிஎம் (நிரல் தொகுப்புகளை நிறுவும் கருவி) வழியாக நிறுவி, கூட்டாளியின் பெயர், மின்னஞ்சல், ஒரு சுருக்கெழுத்து மூன்றையும் சேர்த்துவிடுங்கள். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ‘கிட் மாப்’ என்று தட்டி அந்தச் சுருக்கெழுத்தைக் கொடுத்தால், கமிட் செய்தியின் அடியில் கூட்டாளியின் பெயரைச் சொல்லும் ‘கோ-ஆத்தர்ட்-பை’ வரி தானே வந்து உட்காரும்.

பலர் சறுக்குவது கமிட் கட்டளையோடு ‘-எம்’ போட்டு அங்கேயே செய்தியை எழுதும்போதுதான். அப்போது அந்த வரியை வைத்திருக்கும் டெம்ப்ளேட் (செய்தியின் முன்மாதிரி) திறக்காது, வரியும் வராது. ‘பிரிப்பேர்-கமிட்-எம்எஸ்ஜி’ ஹூக் (கமிட் செய்யும்போது தானே ஓடும் சிறு நிரல்) வைத்தால் சரியாகும். கையால் எழுதுவதானால் அந்த வரிக்கு மேலே ஒரு வெற்று வரி விடுங்கள். கூட்டாளிகள் பலர் என்றால் அவர்களின் வரிகளுக்கு நடுவே வெற்று வரி விடாதீர்கள். கூட்டாளியின் கிட்ஹப் (நிரல்களைப் பகிரும் தளம்) கணக்கில் இருக்கும் மின்னஞ்சலையே கொடுங்கள். அவர் கிளம்பியதும் ‘கிட் சோலோ’ என்று தட்டி, தனியாள் நிலைக்குத் திரும்புங்கள். மறந்தால் மறுநாள் கமிட்டிலும் அவர் பெயர் தொற்றிக்கொண்டு வரும்.