யோனி வறட்சி: சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது?

மாதவிடாய் நின்றபின் உடம்பில் திடீர் திடீரென்று பரவும் சூடு, பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். யோனி வறட்சி அப்படியல்ல. கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனியின் உட்சுவர் மெலிந்து ஈரப்பசை வற்றுகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.5-க்குள் இருந்தது 5-ஐத் தாண்டி, அமிலம் குறைவதால் சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி எட்டிப் பார்க்கும். பாலூட்டுபவர்களுக்கும் சினைப்பைகளை அகற்றியவர்களுக்கும் இதே தொல்லை வரலாம்.

படி 1: சோப்பை விலக்குங்கள். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டாம்.

படி 2: மாய்ஸ்சரைசர் (ஈரப்பசை தருவது) வேறு, லூப்ரிகன்ட் (வழுவழுப்புத் தருவது) வேறு. பலர் குழம்புவது இங்கேதான். முன்னது வாரம் இரண்டு மூன்று முறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடுவது. பின்னது உறவின்போது மட்டும். லேடெக்ஸ் ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் கலந்தது கூடாது, ஆணுறை கிழிந்துவிடும்.

படி 3: இவை போதவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் யோனிக்குள் இடும் ஈஸ்ட்ரோஜன் பற்றிக் கேளுங்கள். கிரீம், மாத்திரை, மூன்று மாதம் உள்ளேயே இருக்கும் வளையம் என வகைகள் உண்டு. ஹார்மோன் என்றதும் அஞ்சுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: யோனிக்குள் இடும் மாத்திரை ஒன்றில் பொதுவாக 10 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருக்கும். விழுங்கும் 1 மில்லிகிராம் மாத்திரையில் இது நூறில் ஒரு பங்கு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரையும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

படி 4: இடும் முறை. படுக்கப் போகும் நேரமே வசதி. நடமாடினால் கிரீம் வழிந்துவிடும். கையைக் கழுவி, மருத்துவர் சொன்ன கோடு வரை அப்ளிகேட்டரில் (உள்ளே செலுத்தும் குழாயில்) கிரீமை நிரப்புங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, அப்ளிகேட்டரை முதுகுப்பக்கம் சற்றே சாய்த்து, வலிக்காத ஆழம் வரை மெல்லச் செலுத்தி அழுத்துங்கள். முதல் சில நாள் லேசாக எரியலாம். மாத்திரையென்றால் வழக்கமாக இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை.

படி 5: அவசரப்படாதீர்கள். பத்தாம் நாளே ‘பலனில்லை’ என்று பரணில் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். முழுப் பலன் தெரிய 12 வாரங்கள்கூட ஆகும். நிறுத்தினால் வறட்சி திரும்பும். மூக்குக் கண்ணாடியைப் போல இதுவும் தொடர்ந்து வேண்டியதே.

மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதை வறட்சியின் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.