எந்தக் கணக்குக்கு எந்தக் கருவி? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கும் முறை

கணக்குப் பாடம் தொடங்கியதும் எல்லோர் கையிலும் குச்சி, அளவுகோல் என்று ஏதாவது ஒரே கருவியைக் கொடுத்து, "இதை வைத்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுவது ஆசிரியருக்கு வசதி. ஆனால் எதை எடுப்பது என்ற யோசனையை நாமே முடித்துவிடுகிறோம். கணக்கில் பாதி அந்த யோசனைதான்.

படி 1: கருவி புதிது என்றால் முதலில் விளையாட விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். இல்லாவிட்டால் பாடத்தின் நடுவில் கோபுரம் எழும்பும்.

படி 2: மேசையில் இரண்டு மூன்று கருவிகளுக்கு மேல் வைக்காதீர்கள். கழித்தலுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள், எண்கோடு (எண்களை வரிசையாகக் குறித்த கோடு), தாளும் பென்சிலும் போதும்.

படி 3: ஒரே கணக்கை இரண்டு கருவிகளில் செய்யச் சொல்லுங்கள். இந்தப் படியில் அவசரம் வேண்டாம். 52 − 27 என்று வைத்துக்கொள்வோம். குச்சியில் ஐந்து கட்டுகள், இரண்டு தனிக் குச்சிகள். ஏழு குச்சிகளை எடுக்க முடியாது. ஒரு கட்டின் ரப்பரைக் கழற்ற வேண்டும். இப்போது நான்கு கட்டுகள், பன்னிரண்டு குச்சிகள். 'கடன் வாங்குதல்' என்று மனப்பாடம் செய்தது அங்கே கண்முன் நடக்கிறது. ஏழு குச்சிகளையும் இரண்டு கட்டுகளையும் எடுத்தால் மிச்சம் 25. எண்கோட்டிலோ 27இலிருந்து 30க்கு 3, அங்கிருந்து 50க்கு 20, பிறகு 2, மொத்தம் 25.

அடுத்து 52 − 49 கொடுங்கள். இதற்கும் கட்டை அவிழ்க்கும் பிள்ளை உண்டு. எண்கோட்டில் மூன்றே தாவலில் முடிக்கும் பிள்ளையும் உண்டு. இருவரையும் அருகருகே உட்கார வையுங்கள். நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

படி 4: கணக்கைத் தொடங்கும் முன், "எதை எடுக்கப் போகிறாய், ஏன்?" என்று கேளுங்கள். "எதுவும் வேண்டாம், மனதிலேயே போடுவேன்" என்பதும் நல்ல பதில்தான். 1000 − 998க்குக் கால்குலேட்டரைத் தேடுகிற பிள்ளையிடம், "விடை பெரியதாக வருமா, சிறியதாக வருமா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

படி 5: தவறான விடை வந்தால், கருவியைப் பிடித்த விதத்தையும் பாருங்கள். பென்சிலின் ஒரு முனை அளவுகோலில் 2இலும் மறுமுனை 9இலும் இருந்தால், நீளம் 9 செ.மீ. என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். இடைவெளிகளை விரலால் தொட்டு எண்ணச் செய்தால் 7 என்று தெரிந்துவிடும். எண்கோட்டிலும் இதே சிக்கல்தான்: தொடங்கும் புள்ளியையே 'ஒன்று' என்று எண்ணிவிடுவார்கள். பின்னப் பட்டைகளில் (பின்னத்தைக் காட்டச் சம பங்குகளாக மடிக்கும் தாள்களில்) சிக்கல் வேறு. நீளமான தாளை மூன்றாகவும் குட்டையான தாளை இரண்டாகவும் மடித்தால், மூன்றில் ஒரு பங்கு அரைப்பங்கைவிடப் பெரிதாகக்கூடத் தெரியலாம். முழுத் தாள்கள் சம நீளத்தில் இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 6: கருவியைச் சிறிது சிறிதாக விலக்குங்கள். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் ஒன்றை மனதில் உருவகித்துக்கொள்ளச் செயல், படம், குறியீடு என்று மூன்று வகைகளைச் சொன்னார். அதே வரிசையில் போகலாம்: முதலில் குச்சி, பிறகு குச்சியின் படம் (கட்டுக்கு ஒரு கோடு, தனிக் குச்சிக்கு ஒரு புள்ளி), பிறகு எண்கள் மட்டும். தடுமாறும் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் குச்சிக்குத் திரும்பலாம். அதைப் பின்னடைவாகக் கருதிப் பெட்டியைப் பூட்டிவிடாதீர்கள்.