"டெலிட் பண்ணிட்டேன் சார்": ஆபீஸ் விஷயத்தை ஆன்லைனில் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பேட்ச் வந்து சேர்ந்தாலே எங்கள் செக்யூரிட்டி டீமுக்கு வேலை கூடிவிடும். ஒரு காலத்தில் எங்கள் செட் அடித்த அதே கூத்தைத்தான் இவர்களும் அடிக்கிறார்கள், கொஞ்சம் வேகமாக. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதெல்லாம் இண்டக்‌ஷனிலேயே காது புளிக்கச் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சேர்ந்த அன்றே லிங்க்ட்இன் போஸ்ட்

கம்பெனி பெயர், டீம் பெயர், மேனேஜருக்கு டேக், கழுத்தில் ஐடி கார்டு. சந்தோஷம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் சில நாளில் வாட்ஸ்அப்பில் எம்டி படம் போட்ட ஒரு நம்பரிலிருந்து மெசேஜ் வரும்: "மீட்டிங்கில் இருக்கேன், கால் பண்ணாதே. க்ளையன்ட்டுக்கு கிஃப்ட் கார்டு அவசரம். வாங்கி கோடை அனுப்பு, க்ளெய்ம் பண்ணிக்கலாம்." பழைய ஆள் சிரித்துவிட்டு பிளாக் செய்வார். புதுசாக வந்தவருக்கு எம்டி எப்படிப் பேசுவார் என்றே தெரியாது, பக்கத்து சீட்டில் கேட்கவும் கூச்சம். திருடர்கள் புதியவர்களைத் தேடுவதே இதற்காகத்தான். ஆபீஸில் நாலு பேர் பழக்கமான பிறகு போஸ்ட் போடுங்கள். மேனேஜரை டேக் செய்ய வேண்டாம்.

ஐடி கார்டு படம்

பார்கோடை மட்டும் மறைத்தால் போதாது. போலி கார்டு அடிக்க டிசைனே போதும்.

சத்தமில்லாமல் டெலிட் செய்வது

எழுதும்போதே எரிச்சல் வருகிறது. தெரியாமல் போட்டுவிட்டது பெரிய குற்றமே இல்லை. போட்டதை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு, கதை முடிந்தது என்று தூங்கப் போவதுதான் காசைக் கரைக்கிறது.

முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நடந்தது. ஒரு தம்பி, வேறு இடத்து இன்டர்வியூவில் காட்டுவதற்காகத் தான் எழுதிய புரோகிராம் கோடைத் தன் சொந்த கிட்ஹப்பில் (கோடைச் சேமித்துப் பகிரும் இணையதளம்) பப்ளிக்காக ஏற்றினான். ஃபோல்டரோடு, செட்டிங்ஸ் இருக்கும் கான்ஃபிக் ஃபைலும் போய்விட்டது. அதற்குள் கம்பெனியின் ஏடபிள்யூஎஸ் அக்சஸ் கீ, அதாவது அமேசானிடம் வாடகைக்கு எடுத்த சர்வர்களைத் திறக்கும் சாவி. சனிக்கிழமை ராத்திரி அவனே கவனித்து, ஃபைலை அழித்து, மறுபடி புஷ் செய்தான், அதாவது ஏற்றினான். மாற்றத்தோடு எழுதிய குறிப்பு, அதாவது கமிட் மெசேஜ்: "ரிமூவ்டு கீஸ்". சாவி எங்கே இருக்கிறது என்று திருடனுக்கு போர்டு எழுதி மாட்டியது போல.

கிட்ஹப்புக்கு அடியில் ஓடும் கிட் (Git) ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகச் சேமித்து வைக்கும்; ஃபைலை அழித்தாலும் முந்தைய கமிட்டைத் திறந்தால் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஹிஸ்டரியையே மாற்றி எழுதினாலும், அதற்குள் யாராவது க்ளோன் (முழு நகல்) எடுத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கீகளைத் தேடவென்றே பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) ராப்பகலாக ஓடுகின்றன. ஏறிய சில நிமிடங்களிலேயே பிடித்துவிடும். ஆகவே முதல் வேலை கீயைச் செல்லாததாக்குவது, ஃபைலை அழிப்பதெல்லாம் அப்புறம். கிட்ஹப்பின் வழிகாட்டியும் இதைத்தான் முதலில் சொல்கிறது.

திங்கட்கிழமை பில்லிங் பக்கத்தைத் திறந்தால், மும்பை ரீஜனை (அமேசானின் சர்வர்கள் இருக்கும் பகுதி) தவிர எதையும் தொடாத கணக்கில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பெரிய பெரிய ஜிபியு மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரோ எங்கள் செலவில் கிரிப்டோ மைனிங் (கம்ப்யூட்டர் சக்தியைக் கொண்டு டிஜிட்டல் காசு ஈட்டுவது) செய்கிறார்கள். தம்பியைக் கேட்டால், "அப்பவே டெலிட் பண்ணிட்டேன் சார்" என்கிறான். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆன்-கால் நம்பர் அவன் போனிலேயே இருந்தது. கூப்பிட்டிருந்தால் கீயை முடக்க ஒரு பட்டன்தான். திட்டு விழுந்திருக்காதா? விழுந்திருக்கும், அதுதான் பிரச்சினையே. இதைவிடச் சின்னத் தவறை ஒத்துக்கொண்ட ஒரு பெண்ணை மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தியதை அவன் பார்த்திருக்கிறான். பிறகு எப்படி வாயைத் திறப்பான்? அந்த பில்லில் பாதியை மேனேஜர் சம்பளத்தில் பிடித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சின்ன கம்பெனி விவகாரம் என்று நினைக்காதீர்கள். காரை இணையத்தோடு இணைக்கும் டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கு வேலை செய்த ஒப்பந்த நிறுவனம், சோர்ஸ் கோடின் ஒரு பகுதியை 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் பப்ளிக்காக ஏற்றிவிட்டது. உள்ளே டேட்டா சர்வருக்கான அக்சஸ் கீ. 2022 செப்டம்பர் வரை அது அப்படியே கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரி கசிந்திருக்கலாம் என்று அடுத்த மாதம் டொயோட்டாவே அறிவித்தது.

படத்தின் பின்னணி

2012 நவம்பரில், பிரிட்டிஷ் விமானப்படையில் ஹெலிகாப்டர் பைலட்டாக இருந்த இளவரசர் வில்லியமின் வேலை நாளைக் காட்டும் படங்கள் வெளியாயின. பின்னால் சுவரில் ஒட்டிய தாளில் பாஸ்வேர்டு. பாதுகாப்பு அமைச்சகம் பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டிவந்தது. உங்கள் டீமின் பர்த்டே கேக்குக்குப் பின்னால் இருக்கும் ஒயிட்போர்டை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள்.

ரெஸ்யூமில் வெர்ஷன் நம்பர்

எந்த மாடல், எந்த வெர்ஷன் என்று தெரிந்தால் எந்த ஓட்டையில் நுழையலாம் என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். "ஃபயர்வால் நிர்வகித்தேன்" போதும். மாடலும் வெர்ஷனும் இன்டர்வியூவில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

எரர் லாகை அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டுவது

சாம்சங் இன்ஜினியர்கள் 2023-ல் சோர்ஸ் கோடையே ஒட்டினார்கள். கம்பெனி அந்த டூல்களுக்கே தடை போட்டது. க்ளையன்ட் பெயர், ஐபி (சர்வர் முகவரி), டோக்கன் (லாகின் சாவி) மூன்றையும் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். கம்பெனி கொடுத்த டூல் இருந்தால் அதில் மட்டும்.

"எங்க எம்டியோட ஜெர்மனி கிளம்பிட்டோம்" போஸ்ட்

எம்டி ஊரில் இல்லை என்று தெரிந்தால் மேலே சொன்ன கிஃப்ட் கார்டு ஆளுக்குக் கொண்டாட்டம். திரும்பி வந்து போடுங்கள்.