காட்டுக் காளான் பாத்தா உடனே புடுங்காதீங்க: புதுசா தேடறவங்களுக்கு

காளான் தேட ஆரம்பிச்ச எல்லாரும் முதல்ல கேக்கறது "இது சாப்பிடலாமா"ன்னு தான். அதுக்கு முன்னாடி "இது என்ன காளான்"னு கேளுங்க, பேரு உறுதியா தெரியாத வரைக்கும் அடுப்பு பக்கமே கொண்டு போகாதீங்க.

காளானை மேல புடிச்சு ஒடிக்காம கத்தியால சுத்தி மண்ணை நோண்டி அடியோட எடுங்க. ஏன் இவ்ளோ சொல்றேன்னா, டெத் கேப்னு ஒரு காளான் உயிரையே எடுத்துடும், அதோட அடியில முட்டை ஓடு கிழிஞ்ச மாதிரி ஒரு பை இருக்கும், அது பெரும்பாலும் மண்ணுக்குள்ள தான் மறைஞ்சிருக்கும், காம்பை மட்டும் ஒடிச்சுட்டு வந்தா முக்கியமான அடையாளமே அங்கயே போயிடும். குடைக்குக் கீழ மெல்லிசா தகடு தகடா செவுள் இருக்கா இல்ல ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டையா, காம்புல வளையம் இருக்கா, மண்ணுல முளைச்சதா மரத்துலயா, வெட்டினா நிறம் மாறுதா, எல்லாத்தையும் எழுதி போட்டோவும் எடுத்துக்கோங்க.

அடுத்து ஸ்போர் பிரின்ட், அதாவது காளான் விதை மாதிரி உதிர்க்கற பொடி என்ன நிறம்னு பேப்பர்ல பதிய வச்சு பாக்கறது, இதை சோம்பல்பட்டு விட்டுடாதீங்க. காம்பை வெட்டிட்டு குடையை செவுள் கீழ இருக்கற மாதிரி பாதி கருப்பு பாதி வெள்ளை பேப்பர் மேல வச்சு ஒரு டம்ளரால மூடி ராத்திரி பூரா விடுங்க, காலைல பொடி படிஞ்சிருக்கும். நாம சாப்பிடற வைக்கோல் காளானுக்கும் அடியில பை உண்டு, குட்டியா இருக்கறப்ப டெத் கேப் மாதிரியே தெரியும், இப்படி ஏமாந்து உயிரை விட்டவங்க நிஜமாவே இருக்காங்க. வைக்கோல் காளான் பொடி இளஞ்சிவப்பு, டெத் கேப் பொடி வெள்ளை.

உருண்டையா பந்து மாதிரி இருந்தா மேலிருந்து கீழ ரெண்டா வெட்டி பாருங்க. உள்ள குடையோட உருவம் லேசா தெரிஞ்சாலே தூக்கிப் போட்டுடுங்க, அது விஷக் காளானோட மொட்டா இருக்கலாம்.

விஷக் காளான்னா வெள்ளி ஸ்பூன் கருக்கும், பூச்சி கடிச்சிருந்தா பயமில்ல, நல்லா வேகவச்சா விஷம் போயிடும்னு சொல்றதெல்லாம் பொய். டெத் கேப் விஷம் கொதிக்க வச்சாலும் போகாது. போன் ஆப் சொல்ற பேரையும் ஒரு யூகமா மட்டும் வச்சுக்கோங்க, காளான் நல்லா தெரிஞ்ச ஒருத்தர் கையில எடுத்து பாத்து சொல்லணும்.

டெத் கேப் சாப்பிட்டுட்டா, பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல கழிச்சு தான் வாந்தி, பேதி ஆரம்பிக்கும், அப்புறம் சரியான மாதிரி இருக்கும், ஆனா உள்ள கல்லீரல் கெட்டுட்டே இருக்கும். அதனால சந்தேகம் வந்த உடனே மிச்சம் இருக்கற காளானையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க.